ஃபாக் பௌல் 1962: மூடுபனிக்குள் இரண்டு நாள் நடந்த கிரே கோப்பை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபாக் பௌல் என்று எதைச் சொல்கிறார்கள்?

1962 டிசம்பர் 1, சனிக்கிழமை. டொராண்டோவில் கனடிய ஃபுட்பாலின் 50வது கிரே கோப்பை இறுதிப் போட்டி. வின்னிபெக் புளூ பாம்பர்ஸ் ஒரு பக்கம், ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் மறுபக்கம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த ஒன்டாரியோ ஏரியிலிருந்து மூடுபனி மைதானத்துக்குள் புகுந்தது. நேரம் ஆக ஆக அடர்த்தியாகி, கடைசியில் யார் எங்கே நிற்கிறார் என்றே தெரியாத நிலை. நான்காம் பகுதியில் 9 நிமிடம் 29 விநாடி பாக்கி இருந்தபோது ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்த மீதி நேரத்தை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆடி முடித்தார்கள். வின்னிபெக் 28, ஹாமில்டன் 27.

'ஃபாக்' என்றால் மூடுபனி. 'பௌல்' என்பது வட அமெரிக்காவில் பெரிய ஃபுட்பால் ஆட்டங்களின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் சொல். கிரே கோப்பை இறுதி ஆட்டம் இரண்டு நாளில் நடந்தது அந்த ஒரு தடவைதான்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பனியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பனியை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அது அருமையான ஆட்டம். எட்டு டச்டவுன்கள், ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

கனடிய ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற கால்பந்தா?

இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். அமெரிக்க ஃபுட்பாலுக்குக் கூடப்பிறந்தது போல இருக்கும், ஆனால் குணம் வேறு. அணிக்கு 11 பேர் இல்லை, 12 பேர். மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். அமெரிக்க மைதானத்தைவிடப் பெரிது. அமெரிக்காவில் 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு கொடுப்பார்கள். கனடாவில் மூன்றுதான். அதனால் நின்று நிதானமாக இடித்துக்கொண்டே போக முடியாது. ஓட வேண்டும், எறிய வேண்டும், இல்லாவிட்டால் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள், மொத்தம் 60 நிமிடம்.

புள்ளிக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஆட்டம் பிடிபடும். பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய்ச் சேர்ந்தால் டச்டவுன், 6 புள்ளி. டச்டவுன் எடுத்த கையோடு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்க ஒரு வாய்ப்பு தருவார்கள். அது கன்வர்ட், 1 புள்ளி. அப்புறம் கனடாவுக்கே உரிய 'சிங்கிள்' ஒன்று இருக்கிறது; 'ரூஜ்' என்றும் சொல்வார்கள். உதைத்த பந்து எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் போய், அவர்களால் அதை வெளியே கொண்டுவர முடியாவிட்டால் உதைத்த அணிக்கு 1 புள்ளி.

6, 1, 1. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரே கோப்பை எப்படி வந்தது? 1909இல் தொடங்கியது என்றால் 1962இல் எப்படி 50வது?

அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கிரே பிரபு 1909இல் கொடுத்த கோப்பை. முதல் வருடம் டொராண்டோ பல்கலைக்கழக அணி, டொராண்டோவின் பார்க்டேல் அணியை 26–6 என்று வென்று வாங்கியது. 1909 முதல் வருடம்தோறும் நடந்திருந்தால் 1962இல் 54வது ஆகியிருக்க வேண்டும். முதல் உலகப் போரால் 1916, 1917, 1918 மூன்று வருடமும் நடக்கவில்லை. 1919இல் விதிகள் பற்றிய தகராறில் நின்றுபோனது. நான்கைக் கழித்தால் 50. பொன்விழா ஆட்டம்தான் பனிக்குள் மாட்டிக்கொண்டது.

அந்த இரண்டு அணிகளுக்கும் முன்பே பகை உண்டா?

பகை என்றால் சாதாரணப் பகை இல்லை. 1957இலிருந்து 1962 வரை ஆறு வருடத்தில் ஐந்து தடவை இந்த இரண்டு அணிகளே இறுதிப் போட்டியில் மோதின. 1957இல் ஹாமில்டன் 32–7 என்று நசுக்கியது. 1958இல் வின்னிபெக் 35–28. 1959இல் மறுபடி வின்னிபெக், 21–7. 1961இல் 14–14 என்று சமனாகி, கிரே கோப்பை வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கூடுதல் நேரம் ஆடினார்கள். அணியின் பந்தெறிபவரான குவார்ட்டர்பேக் கென் ப்ளோன் தானே பந்தோடு ஓடி எடுத்த டச்டவுனில் வின்னிபெக் 21–14 என்று ஜெயித்தது. அது நடந்ததும் இதே டொராண்டோ மைதானத்தில்தான்.

வின்னிபெக் மேற்கே சமவெளியில் இருக்கும் கோதுமை நாட்டு நகரம். ஹாமில்டன் கிழக்கே, ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையில், இரும்பாலைகளின் நகரம். கனடாவில் கிழக்குக்கும் மேற்குக்கும் இருக்கும் பழைய இழுபறி வருடத்துக்கு ஒரு நாள் மைதானத்தில் இறங்கும். அந்த நாளின் பெயர்தான் கிரே கோப்பை.

பயிற்சியாளர்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். வின்னிபெக்கின் பட் கிராண்ட் ஒரு காலத்தில் ஹாமில்டனின் ஜிம் டிரிம்பிளிடம் ஆடியவர். 1952இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு டிரிம்பிள் தலைமைப் பயிற்சியாளர். கிராண்ட் அவருடைய முன்னணி ரிசீவர்களில், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பவர்களில், ஒருவர். மறுவருடம் கிராண்ட் வின்னிபெக்குக்கு ஆட வந்துவிட்டார். 1956இல் டிரிம்பிள் ஹாமில்டனுக்கு வந்தார். 1957இல், தன் 29வது வயதில், கிராண்ட் வின்னிபெக்கின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த வருடம் குரு ஜெயித்தார். அதன் பிறகு 1958, 1959, 1961 மூன்றிலும் சிஷ்யர். 1962இல் டிரிம்பிள் எவ்வளவு தாகத்தோடு வந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

மைதானம் எங்கே இருந்தது?

டொராண்டோவில் கனடிய தேசியக் கண்காட்சி நடக்கும் வளாகத்தில், ஏரிக்கரையை ஒட்டி. எக்சிபிஷன் ஸ்டேடியம் என்று சொல்வார்கள். அன்று வந்தவர்கள் 32,655 பேர்.

மூடுபனி ஏன் ஏரியிலிருந்து வந்தது?

ஏரிக்கரையில் இது அபூர்வம் இல்லை. ஈரப்பதமுள்ள மிதமான காற்று குளிர்ந்த தண்ணீரின் மேல் நகரும்போது அதன் அடிப்பகுதி குளிர்ந்து, ஈரம் சிறு துளிகளாக மாறிவிடுகிறது. தரையோடு ஒட்டிக் கிடக்கும் மேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் கலையும். லேசாக வீசினால் கலையாது, ஏரியிலிருந்து கரைக்கு நகர்ந்து வரும். கரையோரத்தில் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி மைதானம் இருந்தால் உள்ளே இறங்கித் தங்கிவிடும்.

பனி இறங்கிய பிறகு ஆட்டம் எப்படித்தான் நடந்தது?

முதல் பகுதியில் பிரச்சினை பெரிதாக இல்லை. இரண்டாம் பகுதியில்தான் மூட்டம் உள்ளே வரத் தொடங்கியது. அது ஒரேயடியாகச் சுவர் மாதிரி இறங்கவில்லை. கொஞ்சம் விலகும், ஆட்டம் தெரியும், மறுபடி மூடும். பார்வையாளர்களின் கஷ்டம் வேறு வகை. மேல் வரிசைகளில் இருந்தவர்களுக்குக் கீழே வெள்ளைதான் தெரிந்தது. கீழ் வரிசையில் கூச்சல் எழுந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று ஊகிக்க வேண்டியதுதான்.

ஆட்டக்காரர்களுக்கு நெருங்கி நடக்கும் ஆட்டம் ஓரளவு சமாளிக்கக்கூடியதாக இருந்தது. பந்தைக் கையில் கொடுத்து ஓடச் சொன்னால் எதிரே வருகிறவனைக் கிட்டத்திலாவது பார்க்கலாம். உயரே போகும் பந்துதான் ஆபத்து. உதைத்த பந்து மேலே போய் மறைந்துவிடும். அதைப் பிடிக்க நிற்கிறவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பனியைக் கிழித்துக்கொண்டு தலைக்கு மேல் கொஞ்ச தூரத்தில் திடீரென்று வந்து விழும். அந்த நேரத்தில் எதிரணிக்காரர்கள் முழு வேகத்தில் அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருப்பார்கள். அவர்களும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு வெளிச்சம் மங்கினால் நடுவர் கையில் ஒளிமானியை எடுத்துவிடுவார், ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குத் திரும்புவார்கள் என்பது பழகிப்போன விஷயம். இந்த ஆட்டத்தில் அந்த வழக்கமே கிடையாது. மழையிலும் சேற்றிலும் உறைபனியிலும் ஆடுவதையே பெருமையாக நினைக்கிறவர்கள் இவர்கள். பொன்விழா ஆட்டத்தை வானிலைக்காக நிறுத்துவது என்றால் எவ்வளவு மோசமாக இருந்திருக்க வேண்டும்!

ஆட்டத்தை நிறுத்தியது யார்?

கனடிய ஃபுட்பால் லீகின் முதல் கமிஷனர் சிட்னி ஹால்ட்டர். 9 நிமிடம் 29 விநாடி பாக்கி இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி, பனி விலகுமா என்று காத்துப் பார்த்தார்கள். விலகவில்லை. மீதியை மறுநாள் ஆடலாம் என்று அவர் முடிவு செய்தார்.

ஹால்ட்டர் வின்னிபெக்கைச் சேர்ந்த வழக்கறிஞர். அப்போது முன்னிலையில் இருந்ததும் வின்னிபெக்தான். சொந்த ஊர் அணிக்குச் சாதகமாக நடக்க நினைத்திருந்தால் அந்த நிலையிலேயே ஆட்டம் முடிந்தது என்று அறிவிக்க என்ன சாக்கு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவர் ஹாமில்டனுக்கு ஒன்பதரை நிமிடத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். நல்ல வெளிச்சத்தில், ஓய்வெடுத்த உடம்போடு, ஒரே ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். நிறுத்துவதற்குக் கொஞ்சம் தாமதித்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்; நிறுத்திய விதத்தில் குறையே இல்லை.

ஏன் முன்னாடியே நிறுத்தவில்லை?

எந்த வானிலையிலும் ஆடுகிற அந்தப் பெருமை ஒரு காரணம். அந்தப் பனி விட்டுவிட்டு வந்தது இன்னொரு காரணம்: இதோ விலகிவிடும் என்ற நம்பிக்கையை அது கடைசி வரை கொடுத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் எத்தனை பேர் வந்தார்கள்? என்ன நடந்தது?

ஏறக்குறைய 15,000 பேர். முதல் நாள் கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஊருக்குத் திரும்பவேண்டியவர்கள் திரும்பியிருப்பார்கள். மறுநாளுக்கென்று யார் அறை எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்?

வந்தவர்கள் பார்த்தது கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்கும் குறைவான ஆட்டம். அதில் ஒரு புள்ளிகூட விழவில்லை. சனிக்கிழமை பனிக்குள் இருந்த 28–27தான் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்திலும் இருந்தது.

வெறும் எண்ணைப் பார்த்தால் உப்புச்சப்பில்லாத முடிவு மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாமில்டனுக்கு டச்டவுன்கூட வேண்டாம். ஒரு சிங்கிள் கிடைத்தால் சமன், ஒரு ஃபீல்டு கோல், அதாவது ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி, கோப்பை கையில். அப்படிப்பட்ட நிலையில் ஒவ்வொரு உதையும் ஒவ்வொரு யார்டும் தொண்டையில் சிக்கும். ஒரு இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, குளிர்ந்த உடம்போடு நேராக அந்த நெருக்கடிக்குள் இறங்குவது என்பது எந்த ஆட்டக்காரருக்கும் பழக்கமில்லாத சோதனை. வின்னிபெக்கின் தடுப்பாட்டம் அந்த ஒன்பதரை நிமிடத்தைத் தாங்கி நின்றது. அதற்குரிய பாராட்டு அவர்களுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

புள்ளிகளை எடுத்தவர்கள் யார்?

வின்னிபெக்குக்கு லியோ லூயிஸ் இரண்டு டச்டவுன், சார்லி ஷெப்பர்ட் இரண்டு. நான்குக்கும் கன்வர்ட் உதைத்தவர் ஜெர்ரி ஜேம்ஸ். நான்கும் உள்ளே.

ஹாமில்டனுக்கு கார்னி ஹென்லி இரண்டு, பாபி குன்ட்ஸ் ஒன்று, டேவ் விட்டி ஒன்று. உதைத்தவர் டான் சதரின்: இரண்டு கன்வர்ட், ஒரு சிங்கிள்.

ஆட்டத்தின் முதல் டச்டவுன் ஹென்லியுடையது. முதல் பகுதி முடியும்போது ஹாமில்டன் 6–0. இரண்டாம் பகுதியில் இரண்டு பக்கமும் மாறி மாறிப் புள்ளி குவித்தார்கள். இடைவேளையில் வின்னிபெக் 21–19.

சரி, பனியால்தானே ஹாமில்டன் தோற்றது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். இல்லை என்பது என் பதில். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு அணியும் எடுத்தது ஆளுக்கு நான்கு டச்டவுன். நான்கு ஆறு இருபத்து நான்கு. அங்கே சமம். வின்னிபெக் நான்கு கன்வர்ட்டையும் எடுத்தது: 28. ஹாமில்டன் நான்கில் இரண்டுதான் எடுத்தது: 26. கூடவே ஒரு சிங்கிள்: 27. கைவிட்ட கன்வர்ட்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் 28–28. முந்தைய வருடம் போலக் கூடுதல் நேரம். இரண்டும் போயிருந்தால் 29–28, கோப்பை ஹாமில்டனுக்கு.

அந்த இரண்டும் எப்போது தவறின? இடைவேளைப் புள்ளியைப் பாருங்கள். ஹாமில்டன் 19. மூன்று டச்டவுனுக்கு 18, அதற்கு மேல் ஒரே ஒரு கன்வர்ட். ஆக இரண்டு தவறும் முதல் பாதியிலேயே நடந்துவிட்டன. அதில் முதலாவது முதல் பகுதியில், 6–0 என்று நின்ற இடத்தில். பனி உச்சத்துக்குப் போய் ஆட்டமே நின்றது நான்காம் பகுதியில். இரண்டாம் பாதியில், மூட்டம் மோசமான பிறகு, ஹாமில்டனின் கன்வர்ட் உள்ளேதான் போனது.

இதை வைத்து சதரின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. அவர் உதைப்பவர் மட்டும் அல்ல, தடுப்பாட்டக்காரரும்கூட. பின்னாளில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் கனடிய ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். அன்று இரண்டு போகவில்லை, அவ்வளவுதான். பின்தங்கியிருந்த அணிக்கு ஒரு புள்ளி கொண்டுவந்த அந்தச் சிங்கிளும் அவர் காலிலிருந்துதான் வந்தது.

பனி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் மூடியது. ஓடுபவர்களும் எறிபவர்களும் இரண்டு அணியிலும் ஒரே வெள்ளைக்குள்தான் ஆடினார்கள். அதையும் மீறி இரண்டு பக்கமும் நான்கு நான்கு டச்டவுன் எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

லியோ லூயிஸ் யார்?

அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் என்பதால் 'லிங்கன் லோகோமோட்டிவ்' என்று பட்டப்பெயர். அதாவது ரயில் எஞ்சின். 1955இலிருந்து 1966 வரை முழுக்க வின்னிபெக்குக்கே ஆடினார். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடுவதில் கனடா கண்ட மிகச் சிறந்தவர்களில் ஒருவர். உயரே வரும் பந்து கண்ணுக்கே தெரியாத ஒரு நாளில், பந்தைப் பிடித்து ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் சிறந்த ஆட்டக்காரர் ஆனது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஜெர்ரி ஜேம்ஸ் ஐஸ் ஹாக்கியும் ஆடினாராமே?

ஆமாம். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு. 1959 நவம்பரில் வின்னிபெக்கோடு கிரே கோப்பை இறுதியில் ஆடி ஜெயித்தார்; சில மாதம் கழித்து 1960 வசந்தத்தில் மேப்பிள் லீஃப்ஸோடு ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதியில் ஆடினார். ஒரே பருவத்தில் இரண்டு இறுதியிலும் ஆடியவர் வேறு யாரும் இல்லை. கன்வர்ட் உதைப்பதை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. டச்டவுன் எடுத்த கொண்டாட்டத்துக்கு நடுவே, பார்வையாளர் தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தில் நடக்கும் வேலை. 1962இல் அந்த வேலையை நான்கு தடவை பிசகாமல் செய்ததுதான் கோப்பையைக் கொண்டுவந்தது.

பட் கிராண்ட் பிறகு என்ன ஆனார்?

வின்னிபெக்கோடு 1958, 1959, 1961, 1962 என நான்கு கிரே கோப்பை. 1967இல் அமெரிக்காவின் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குப் போனார். அங்கே 18 பருவம். நான்கு தடவை அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார், நான்கிலும் தோல்வி. இரண்டு நாட்டின் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பெற்ற முதல் மனிதர் அவர். அதற்கெல்லாம் முன்னால் 1950இல் மினியாபொலிஸ் லேக்கர்ஸோடு கூடைப்பந்து சாம்பியன்! 2023இல், 95 வயதில் காலமானார்.

டிரிம்பிள்?

ஹாமில்டனோடு ஐந்து இறுதி, ஒரே ஒரு கோப்பை. ஃபாக் பௌல்தான் ஹாமில்டனில் அவருடைய கடைசி ஆட்டம். அடுத்த வருடம் மான்ட்ரியால் போனார்.

ஆனால் அவருடைய பெயர் வேறு விதத்தில் நிலைத்தது. அந்தக் காலத்தில் கோல் கம்பம் 'எச்' எழுத்து வடிவில், தரையில் இரண்டு கால் ஊன்றி நிற்கும். கனடாவில் அது கோல் கோட்டிலேயே நிற்பதால் ஆட்டக்காரர்கள் ஓடிவந்து மோதிக்கொள்வார்கள். மான்ட்ரியாலில் ஜோயல் ராட்மன் என்பவரோடு சேர்ந்து, ஒரே காலில் நின்று மேலே இரண்டாகப் பிரியும் கம்பத்தை டிரிம்பிள் உருவாக்கினார். 1967இல் அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். அதை ஏற்றுக்கொண்டது. கவண் மாதிரி நிற்கும் அந்தக் கம்பத்தைத்தான் இன்று தொலைக்காட்சியில் பார்க்கிறோம். இரண்டு கன்வர்ட் அந்தக் கம்பங்களுக்கு நடுவே போகாததால் கோப்பையை இழந்தவர், ஐந்தே வருடத்தில் கம்பத்தையே மாற்றினார்.

தொலைக்காட்சியில் காட்டினார்களா?

காட்டினார்கள், அதற்கு முன்னால் ஒரு சண்டையும் நடந்தது. 1961இல் தொடங்கிய தனியார் நிறுவனமான சி.டி.வி. 1962 இறுதிப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிவிட்டது. ஆனால் அதற்கு நாடு முழுக்கப் போகும் வசதி இல்லை. அந்த வசதி இருந்த அரசுத் துறை நிறுவனமான சி.பி.சி., சி.டி.வி.யின் விளம்பரங்களோடு ஒளிபரப்ப மறுத்தது. ஒழுங்குமுறை வாரியம் தலையிட்டு, கடைசியில் இரண்டிலும் வந்தது. அமெரிக்காவில் ஏ.பி.சி. காட்டியது. இவ்வளவு தகராறு செய்து வாங்கிய ஆட்டத்தில், கேமராவுக்கும் தெரிந்தது பெரும்பகுதி வெள்ளைதான்.

அதற்குப் பிறகு இரண்டு அணிகளும்?

ஹாமில்டன் தோல்வியை மறுவருடமே கழுவிக்கொண்டது. ரால்ஃப் சாஸியோ பயிற்சியாளர் ஆனார்; 1963, 1965, 1967 என மூன்று கோப்பை. வின்னிபெக் நிலைமை தலைகீழ். ஐந்து வருடத்தில் நான்கு கோப்பை வாங்கிய அணி, ஃபாக் பௌலுக்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 1984 வரை, 22 வருடம் காத்திருந்தது. அதுவும் ஹாமில்டனைத்தான் 47–17 என்று வென்று. 2019, 2021 இறுதிகளிலும் இதே இரண்டு அணிகள், இரண்டிலும் வின்னிபெக்.

வானிலை புகுந்து விளையாடிய வேறு இறுதிப் போட்டிகள் உண்டா?

நிறைய. கிரே கோப்பை குளிர்காலத்தின் வாசலில் நடப்பதால் இது தவிர்க்க முடியாதது. 1950இல் டொராண்டோவில் 'மட் பௌல்', சேற்றுக்குள் ஆட்டம். டொராண்டோ அணி வின்னிபெக்கை 13–0 என்று வென்றது. 1977இல் மான்ட்ரியாலில் 'ஐஸ் பௌல்'. தரை முழுக்கப் பனிக்கட்டி; மான்ட்ரியால் ஆட்டக்காரர்கள் வழுக்காமல் இருக்கக் காலணியின் அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டு ஆடி எட்மன்டனை 41–6 என்று நொறுக்கினார்கள்.

இவற்றில் நம் கதையோடு நேரடியாகச் சேர்வது 1965. அதே மைதானம், அதே இரண்டு அணி, 'விண்ட் பௌல்'. காற்று அவ்வளவு பலம். காற்றுக்கு எதிராக உதைத்தால் பந்து போகவே இல்லை. அதனால் பட் கிராண்ட் மூன்று தடவை, உதைப்பதற்குப் பதிலாகத் தன் எல்லைக்குள்ளேயே பந்தை விட்டு எதிரணிக்கு 2 புள்ளி கொடுக்கச் சொன்னார். மூன்று இரண்டு ஆறு. ஹாமில்டன் 22–16 என்று ஜெயித்தது. வித்தியாசமும் ஆறு. மூன்று வருடத்துக்கு முன் மூடுபனியில் ஒரு புள்ளியில் ஜெயித்தவர், காற்றில் தானே கொடுத்த ஆறு புள்ளியில் தோற்றார். 1962இல் வானிலை முடிவை மாற்றவில்லை என்று நான் சொல்வது இதோடு ஒப்பிட்டுத்தான். வானிலை முடிவை மாற்றிய ஆட்டம் எது என்றால் 1965ஐச் சொல்வேன்.

அந்த மைதானம் இன்னும் இருக்கிறதா?

இல்லை. 1982 கிரே கோப்பையில் அங்கே கொட்டிய மழையில் ரசிகர்கள் தெப்பலாக நனைந்தார்கள். டொராண்டோவுக்குக் கூரை போட்ட மைதானம் வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகு வலுத்தது. 1989இல் ஸ்கைடோம் திறந்தது. எக்சிபிஷன் ஸ்டேடியத்தை 1999இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2007இல் பி.எம்.ஓ. ஃபீல்டு எழுந்தது. 2016 கிரே கோப்பை இறுதி அங்கேதான் நடந்தது.

டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் சுலபமாகப் போய்ப் பார்க்கலாம். 509 அல்லது 511 ஸ்ட்ரீட்கார் கடைசி நிறுத்தம் வரை. அல்லது கோ ரயிலில் எக்சிபிஷன் நிலையம். மைதானத்திலிருந்து தெற்கே ஒரு சாலையைத் தாண்டி நடந்தால் ஏரி வந்துவிடும்.